தயிர் சாதமும் 28 நாள் மாத்திரையும்

செவலை தயிர் சாதத்தை வேண்டாம் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்; நான்கு வயது, 19 கிலோ. சாப்பிட்டு முடித்த தட்டையும் நக்கி நக்கியே முற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டு போகும். போன சித்திரையில் ஒருநாள் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, தொட்டியடி ஈரத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. காது மடல் சுட்டது.

முதலில் போன இடத்தில், வெயில்தான் காரணம் என்று காய்ச்சலுக்கு ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கொஞ்சம் சாப்பிட்டது. மூன்றாம் நாள் காலை வாசல் மொசைக்கில் சொட்டுச் சொட்டாக ரத்தம். அடிபட்டிருக்கும் என்று ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தேன். வந்தது மூக்கிலிருந்து.

இரண்டாவது மருத்துவர் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. விரல் இடுக்கைப் பிரித்தார். உள்ளே இரண்டு உண்ணி. ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 28,000. நாய்க்கு இரண்டு லட்சத்துக்குக் குறையக் கூடாதாம். எர்லிக்கியா என்ற கிருமி, உண்ணி கடித்து வருவது. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, 28 நாள்.

இங்கேதான் நான் சொதப்பினேன். மாத்திரையைப் பொடித்துத் தயிர் சாதத்தில் பிசைந்து கொடுத்தேன். நாலு நாளாகியும் பெரிய மாற்றம் இல்லை. மறுபடி கூட்டிப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "மாத்திரையை எதுல குடுக்கிறீங்க?"

சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பால், தயிரில் உள்ள கால்சியம் இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம், உடம்பில் சேர்வது குறையும். அதற்காக வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும். அன்று முதல் வேகவைத்த கோழி ஈரலுக்குள் மாத்திரையை முழுதாகச் செருகி, விழுங்கியதும் தண்ணீர் காட்டினேன். இரண்டு நாளில் எழுந்து வாசலுக்கு வந்தது. தயிர் மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு அந்தச் சந்தேகம் போகவில்லை.

மருந்தைவிட உண்ணியை ஒழித்ததுதான் பெரும்பாடு. நாய் மேல் தெரிவது கொஞ்சம்தான், மிச்சம் சுவரில் இருக்கும் என்று மருத்துவர் சொன்னபோது நான் நம்பவில்லை. இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். கதவு நிலையின் விரிசலில், சுவிட்சு பெட்டி ஓரத்தில், முருகன் படம் போட்ட தினசரி காலண்டர் அட்டைக்குப் பின்னால். ரத்தம் குடித்து ஊதிய ஒன்று சின்ன ஆமணக்கு விதை மாதிரியே இருந்தது. அப்படி ஊதியது கீழே விழுந்து, சுவர் ஏறி, இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். பக்கத்து வீட்டு அக்கா மண்ணெண்ணெய் தடவச் சொன்னார். தோல் வெந்துபோகும், நாய் அதை நக்கவும் செய்யும். வேண்டாம் அக்கா என்றேன். மருத்துவர் எடை பார்த்துக் கொடுத்த உண்ணி மாத்திரை, அது படுக்கும் சாக்கைத் தூக்கிப் போட்டது, விரிசல்களுக்கு வெள்ளைச் சிமெண்ட் பூசியது, எல்லாம் சேர்ந்துதான் கட்டுக்குள் வந்தது.

பத்தாம் நாளே ஓட ஆரம்பித்துவிட்டதால் மாத்திரையை நிறுத்தலாமே என்றார் அம்மா. நிறுத்தவில்லை. 28 நாள் முடிந்து பார்த்தபோது பிளேட்லெட் 2,10,000.

இப்போதும் தேதி கிழிக்கும்போது அட்டையைத் தூக்கிப் பார்க்கிறேன். போன வாரம் ஒன்று இருந்தது.