பழைய கல்பாசி மாதிரியிலிருந்து டிஎன்ஏ: புராஜெக்ட் செய்யும் காரைக்குடி மாணவர்களுக்கு

செட்டிநாட்டு மசாலாவில் மணக்கும் கல்பாசி செட்டிநாட்டில் விளைவதில்லை. மலையிலிருந்து வரும் லைக்கன் அது, அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி. காரைக்குடிக் கடையில் வாங்கும் பொட்டலத்தில் பெரும்பாலும் பல இனங்கள் கலந்திருக்கும். அவற்றுக்குப் பெயர் வைக்க, ஹெர்பேரியத்தில் (உலர்த்திய தாவர, லைக்கன் மாதிரிகளின் சேமிப்பகத்தில்) இருக்கும், பெயர் உறுதியான பழைய மாதிரியோடு ஒப்பிட வேண்டும். லக்னோவில் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனமான என்பிஆர்ஐ வைத்திருக்கும் லைக்கன் தொகுப்பு பெரியது. துண்டு வெட்ட எழுத்தில் அனுமதி வாங்குங்கள். டைப் மாதிரியை (ஓர் இனத்தின் பெயருக்கு ஆதாரமான மாதிரியை) கேட்காமலிருப்பதே நல்லது.

பத்து மில்லிகிராம் போதும். உறையின் அடியில் உதிர்ந்து கிடக்கும் தூளை எடுக்காதீர்கள். அதில் பக்கத்து இனமும் இருக்கலாம். லென்ஸில் பார்த்து, கரும்புள்ளியோ பூசணமோ இல்லாத விளிம்பு மடலை நறுக்குங்கள். கரும்புள்ளி பல நேரம் லைக்கன் மேல் வாழும் வேறொரு பூஞ்சை. டிஎன்ஏ சீக்வென்ஸில் (எழுத்து வரிசையில்) அதன் பெயர்தான் வரும்.

அரைக்குமுன் அசிட்டோனில் ஊறவையுங்கள். லைக்கன் அமிலங்கள் கரைந்து வெளியேறும். தங்கிவிட்டால் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரை முடக்கும். அந்த அசிட்டோனைக் கொட்டிவிடாதீர்கள், லைக்கன் அமிலங்களைப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தட்டில் வைக்க அதுவே போதும். பிறகு சிடிஏபி என்ற வேதிப்பொருளால் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் முறை. கரைசல் பழுப்பாகவே இருந்தால் பத்து மடங்கு நீர்க்கச்செய்து, பிசிஆரில் தடைப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் பிஎஸ்ஏ புரதத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலரும் கைவிடுவது அடுத்த கட்டத்தில்தான். இனத்தை அடையாளம் காட்டும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதி முழுவதையும் ஐடிஎஸ்1எஃப், ஐடிஎஸ்4 பிரைமர்களால் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளால்) பெருக்கினால், பழைய மாதிரியில் ஜெல் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். டிஎன்ஏ இல்லை என்று அர்த்தமில்லை, நொறுங்கியிருக்கிறது. ஐடிஎஸ்1எஃப்–ஐடிஎஸ்2, ஐடிஎஸ்3–ஐடிஎஸ்4 என்று இரண்டு சிறு துண்டுகளாகப் பெருக்குங்கள். ஐடிஎஸ்2-வும் ஐடிஎஸ்3-உம் ஐடிஎஸ் பகுதியின் நடுவிலுள்ள 5.8எஸ் ஜீனில் ஒரே இடத்தில் எதிரெதிராக அமர்பவை. அந்த இடம் இனத்துக்கு இனம் அதிகம் மாறாது, ஆகவே இழப்பு சொற்பம். ஐடிஎஸ்1எஃப் பூஞ்சைக்கென்றே அமைந்தது; அதை விட்டு வெறும் ஐடிஎஸ்1 போட்டால் உள்ளிருக்கும் பாசியின் டிஎன்ஏவும் சேர்ந்து பெருகி, சீக்வென்ஸ் வரைபடத்தில் உச்சிகள் இரட்டையாக வரும்.

கலப்படம் நேர்ந்தால் தெரிய, லைக்கன் போடாத வெற்றுக் குழாய் ஒன்றைத் தொடக்கத்திலிருந்தே கூடவே ஓட்டுங்கள். வைவாவில் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும், கேட்பவர் விவரமானவரென்றால். கடைக் கல்பாசியையும் பழைய மாதிரியையும் ஒரே நாளில் ஒரே மேசையில் அரைக்கக் கூடாது. புது டிஎன்ஏ துளி சிந்தினாலும் பழையதை மூழ்கடித்துவிடும்.

சீக்வென்ஸை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் காட்டும் முதல் பெயரை அப்படியே எழுதாதீர்கள். பொதுச் சீக்வென்ஸ் தரவுத்தளமான ஜென்பேங்கில் பெயர் வைத்தவர் சீக்வென்ஸைப் போட்டவர்தான். வவுச்சர் எண் (ஹெர்பேரியத்தில் சேமித்த மாதிரியின் எண்) உள்ள பதிவுகளை மட்டும் கொண்டு உறவு மரம் வரையுங்கள், வேதிச் சோதனையோடும் பொருத்துங்கள். பார்மோட்ரீமா டிங்க்டோரம் என்று வந்தால், மெடுல்லாவில் (உள்ளிருக்கும் வெள்ளை அடுக்கில்) பிளீச்சிங் கரைசல் பட்டதும் சிவக்க வேண்டும், விளிம்பில் மயிர் இருக்கக் கூடாது. பார்மோட்ரீமா பெர்லேட்டத்தில் மயிர் உண்டு, பிளீச்சுக்குச் சிவக்காது. முரண்பட்டால் முதலில் கலப்படத்தைச் சந்தேகியுங்கள், அப்புறம் ஹெர்பேரியச் சீட்டில் எழுதிய பெயரை.