ஆசிரியரின் எண்ணைத் திருத்திய மாணவர்

தாவரவியல் படித்தவர்கள் எல்லோரும் ஒளிச்சேர்க்கை ஆய்வாளர் ராபர்ட் எமர்சனின் பெயரை ஒரு தடவையாவது விடைத்தாளில் எழுதியிருப்பார்கள். ‘எமர்சன் விளைவு’ என்ற தலைப்பின் கீழ் நானும் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். மனப்பாடம் செய்த அந்த ஐந்து வரிகளுக்குப் பின்னால், தன் சொந்த ஆசிரியரோடு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓர் எண்ணுக்காக முரண்பட்டு நின்ற ஒருவர் இருந்தார் என்பது எனக்கு வெகு காலம் கழித்தே தெரிய வந்தது.

எமர்சன் 1903-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தார். ஹார்வர்டில் படித்த பின் பெர்லினுக்குச் சென்று, ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க்கின் ஆய்வகத்தில் 1927-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஒளிச்சேர்க்கையை அளக்கும் கலையை அவருக்குக் கற்றுத் தந்தவர் வார்பர்க்தான். பாசி கலந்த நீரைச் சிறு கண்ணாடிக் குடுவையில் அடைத்து, நீர்த்தொட்டியில் இடைவிடாமல் குலுக்கியபடி, உள்ளே வாயுவின் அழுத்தம் மாறுவதை மேனோமீட்டர் குழாயின் திரவ மட்டத்தில் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் படிக்க வேண்டும். அளப்பவரின் கண்ணும் பொறுமையும் கருவியின் பாகங்களாகவே ஆகிவிடும் வேலை அது.

1930-இல் கலிஃபோர்னியாவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்து சேர்ந்த எமர்சன், வில்லியம் ஆர்னால்டு என்ற இளநிலை மாணவரோடு சேர்ந்து குளோரெல்லாப் பாசியின் மீது மின்னல்போன்ற ஒளித்துடிப்புகளைப் பாய்ச்சினார். ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு நேரமே நீடித்தது. இரு துடிப்புகளுக்கு இடையிலான இருட்டை நீட்டினால் ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் விளைச்சல் கூடியது. குளிரூட்டினால் அந்த இருட்டு இன்னும் நீளமாகத் தேவைப்பட்டது. 1932-இல் வெளியான முடிவுகளில் வியப்பூட்டுவது இதுதான்: எவ்வளவு பலமாக ஒளியைப் பாய்ச்சினாலும், ஏறக்குறைய 2,400 பச்சைய மூலக்கூறுகளுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுதான் ஒரு துடிப்பில் வெளிவந்தது. நூற்றுக்கணக்கான பச்சைய மூலக்கூறுகள் கூட்டாகச் சேர்ந்து ஒளியைத் திரட்டி ஒரே மையத்துக்கு அனுப்புகின்றன என்று இன்று நாம் இயல்பாகச் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒரு பேராசிரியரும் ஒரு மாணவரும் சமமாகப் பெயர் போட்டு வெளியிட்ட வேலை இது என்பதையும் நான் கவனித்தேன்.

அடுத்து வந்ததுதான் அந்தச் சச்சரவு. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை வெளியேற்ற எத்தனை ஒளித்துகள்கள் வேண்டும்? 1920-களிலேயே நான்கு போதும் என்று வார்பர்க் அறிவித்திருந்தார். 1931-இல் நோபல் பரிசும் பெற்றுவிட்டவரின் சொல்லை யார் மறுப்பார்கள்? எமர்சனும் சார்ல்டன் லூயிஸும் அளந்து பார்த்தபோது எட்டுக்குக் குறையாமல் வந்தது. வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதையும் அவர்கள் தேடிக் கண்டார்கள். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்ததும், பாசி முதல் சில நிமிடங்களில் கார்பன் டை ஆக்சைடை ஒரு வீச்சாக வெளியேற்றுகிறது. அழுத்தத்தை மட்டும் காட்டும் மேனோமீட்டருக்கு வாயுவின் பெயர் தெரியாது. சில நிமிட வெளிச்சம், சில நிமிட இருட்டு என மாற்றி மாற்றி அளந்தால் அந்த வீச்சும் ஆக்சிஜன் கணக்கில் சேர்ந்து, ஒளிச்சேர்க்கை உண்மையில் இருப்பதைவிடச் சிக்கனமானதாகத் தோன்றும்.

இடையில் போர் வந்தது. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அரசு முகாம்களில் அடைத்தபோது, மன்சனார் முகாமில் இருந்தவர்களோடு சேர்ந்து குவாயூல் செடியிலிருந்து ரப்பர் எடுக்கும் ஆய்வில் எமர்சன் ஈடுபட்டார். அறிவியல் வரலாறுகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமே.

போருக்குப் பின் அவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா வளாகத்துக்குச் சென்றார். 1948-இல் வார்பர்க்கே அங்கு வந்து, மாணவரின் ஆய்வகத்திலேயே தங்கி அளந்தார். ஒரே கூரையின் கீழ் பல மாதங்கள் வேலை செய்தும் இருவரும் ஓர் எண்ணுக்கு வரவில்லை, மனக்கசப்போடுதான் பிரிந்தார்கள். பிற ஆய்வகங்களின் அளவீடுகள் காலப்போக்கில் எமர்சனின் பக்கமே சாய்ந்தன.

ஆனால் அந்தச் சண்டையைவிடப் பெரிய பலன் அதன் ஓரத்திலிருந்து கிடைத்தது. எண்ணைச் சரிபார்க்க ஒவ்வொரு அலைநீளத்திலும் தனித்தனியாக அளந்தபோது, ஏறத்தாழ 680 நானோமீட்டரைத் தாண்டியதும், பச்சையம் இன்னும் ஒளியை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே விளைச்சல் சரிவதை எமர்சனும் லூயிஸும் 1943-இல் பதிவு செய்திருந்தார்கள். 1957-இல் எமர்சன் தம் குழுவினரோடு அந்தச் சரிவுக்கே திரும்பி, பயனற்றதாகத் தெரிந்த அந்த நெடுஞ்சிவப்பு ஒளியோடு குறைந்த அலைநீள ஒளியையும் சேர்த்துப் பாய்ச்சினார். இரண்டும் சேர்ந்தபோது கிடைத்த விளைச்சல், தனித்தனி விளைச்சல்களின் கூட்டுத்தொகையை மிஞ்சியது. நான் விடைத்தாளில் எழுதிய ‘எமர்சன் விளைவு’ இதுதான். ஒன்றுக்கொன்று கை கொடுக்கும் இரண்டு ஒளி வினைகள் இருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு இதுவே வழிவிட்டது. 1960-இல் ராபின் ஹில்லும் ஃபே பெண்டாலும் அவ்விரு வினைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து வரைந்த ‘இசட்’ வடிவத் திட்டத்தில் அது முழு உருவம் பெற்றது.

எமர்சன் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. 1959 பிப்ரவரி 3-ஆம் நாள் இரவு, அவர் சென்ற விமானம் நியூயார்க்கின் லாகார்டியா நிலையத்தை நெருங்கும்போது ஈஸ்ட் ஆற்றில் விழுந்தது. இறந்த 65 பேரில் அவரும் ஒருவர்.

அப்போது அலகாபாதிலிருந்து வந்திருந்த கோவிந்த்ஜீயும் அவர் மனைவி ரஜ்னியும் அர்பானாவில் அவருடைய மாணவர்களாக இருந்தார்கள். வழிகாட்டி பாதியில் போய்விட, சக பேராசிரியரான யூஜின் ராபினோவிச் அவர்களை ஏற்றுக்கொண்டார். எமர்சன் விளைவு, பாசியின் சுவாசத்தில் ஏற்படும் மாற்றத்தால் தோன்றுகிறதோ என்ற ஐயம் அப்போது இருந்தது. கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக, சுவாசத்தை அடக்கிவிடும் குயினோன் என்ற வேதிப்பொருளைக் கொடுத்து ஆக்சிஜனை வெளிவரச் செய்யும் ‘ஹில் வினை’யிலும் அது தோன்றுவதை ரஜ்னி காட்டினார். இரண்டு ஒளி வினைகளில் குறைந்த அலைநீள ஒளியின் பங்கை, முதன்மைப் பச்சையமான பச்சையம் ஏ அல்லாத துணை நிறமிகளே ஆற்றுகின்றன என்று எமர்சன் கருதியிருந்தார். அவர் விட்டுச்சென்ற ஆய்வகத்தில் அலைநீளங்களை மீண்டும் நுணுக்கமாக அளந்த கோவிந்த்ஜீ, 670 நானோமீட்டருக்கு அருகே பச்சையம் ஏ-யின் ஒரு வடிவமும் அந்தத் துணை நிறமிகளோடு சேர்ந்து வேலை செய்வதைக் கண்டு, ராபினோவிச்சோடு சேர்ந்து 1960-இல் வெளியிட்டார்.