பாட்டியின் பாஸ்போர்ட்டும் 64 எழுத்துச் சாவியும்

போன ஐப்பசி மழையில் என் லேப்டாப் செத்துப்போனது. கோத்தகிரியில் வாரக்கணக்கில் மூட்டம் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும்போது போர்டில் ஈரம் இறங்குவது புதிதில்லை, அதனால் கீழே ஒரு கடையில் கொடுத்துவிட்டு நாலு நாள் கழித்துப் போய் வாங்கினேன். வேலை சுத்தம். காசும் அதிகமில்லை. கிளம்பும்போது அந்தத் தம்பி ஒரு பென்டிரைவை நீட்டி, "டேட்டா போயிடக்கூடாதுன்னு எல்லாத்தையும் காப்பி பண்ணி வச்சேண்ணே" என்றார்.

நான் அவருக்குப் பாஸ்வேர்ட் சொல்லவே இல்லை. அவரும் கேட்கவில்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் லாகின் பாஸ்வேர்ட் குறுக்கே வராது, கோப்புகள் அப்படியே கிடக்கும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனாலும் அன்று ராத்திரி பென்டிரைவைத் திறந்ததும் முதல் படமாகப் பாட்டியின் பாஸ்போர்ட் வந்து நின்றபோது வயிற்றைப் பிசைந்தது. கண்டியில் வாங்கியது அது, மடியில் கைக்குழந்தையோடு எடுத்த படம். அந்தத் தம்பி நல்லெண்ணத்தில்தான் செய்தார். ஆனால் அந்த ஃபோல்டரில் இருப்பது எங்கள் வீட்டுச் சமாசாரம் மட்டுமில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள், இன்றைய டான்டீ, வந்தன. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யாருக்காவது சாதிச் சான்றிதழோ வேறு ஏதாவது சான்றோ வேண்டுமென்றால் பழைய பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் தேடி எடுத்தாக வேண்டும், அதெல்லாம் இப்போது தொட்டால் உதிர்கிற நிலையில் இருக்கிறது. அதனால் மூன்று வருடமாக வீடு வீடாகப் போய் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்திலேயே ஆதார், வங்கி பாஸ்புக், ரேஷன் அட்டை. என்னை நம்பிக் கொடுத்தார்கள். அவ்வளவையும் திறந்த வீடாகப் போட்டு வைத்திருந்தேன்.

முதலில் நினைத்தது ஜிப் கோப்பாக்கிப் பாஸ்வேர்ட் போடுவதைத்தான். வேண்டாம். ஜிப்பின் பழைய என்கிரிப்ஷன் முறையை, அதாவது கோப்பைக் குழப்பிப் பூட்டும் முறையை, எப்படி உடைப்பது என்று பிஹாம், கோச்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994லேயே எழுதிவிட்டார்கள், உள்ளே இருக்கும் கோப்புகளில் ஒன்றின் கொஞ்சம் பகுதி தெரிந்தால் போதும். யாருக்காவது ஒரு கோப்பைப் பூட்டி அனுப்புவதற்கு ஜிபிஜி என்ற மென்பொருள் நல்லது: டெர்மினலில் ஜிபிஜி என்று அடித்து, ஒரு ஹைபன், சின்ன சி, அப்புறம் கோப்பின் பெயர், முடிந்தது. (சோதித்துப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், பாஸ்வேர்டை அது கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும், அதனால் உடனே திறந்தால் கேட்காமலே திறக்கும். பூட்டே விழவில்லையோ என்று பயப்பட வேண்டாம்.) ஆனால் தினமும் திறந்து மூடுகிற ஃபோல்டருக்கு அது சரிப்படாது, ஒவ்வொரு தடவையும் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும்.

நான் கடைசியில் வந்து சேர்ந்தது கோகிரிப்ட்எஃப்எஸ், ஒரு ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளைப் பூட்டி வைக்கும் மென்பொருள். லினக்ஸ் மின்ட், உபுண்டு எதிலும் ஆப்ட் இன்ஸ்டாலிலேயே வந்துவிடும். இதற்கு முன்னால் பலரும் பயன்படுத்தியது என்க்எஃப்எஸ், அதை 2014இல் டெய்லர் ஹார்ன்பி என்பவர் ஆராய்ந்து, பூட்டிய கோப்புகளின் பிரதி வெவ்வேறு நேரத்தில் இரண்டு மூன்று தடவை ஒருவர் கையில் சிக்கினால் அது பாதுகாப்பில்லை என்று சொல்லிவிட்டார். கிளவுடில் ஏற்றி வைப்பது என்றால் அதுதானே நடக்கும், தினம் ஒரு பிரதி அங்கே சேரும். கோகிரிப்ட்எஃப்எஸ்ஸையும் 2017இல் அவரே ஆராய்ந்தார். பூட்டிய கோப்புகளை ஒருவர் திருத்தி விளையாட முடிந்தால் சில பலவீனங்கள் உண்டு என்றாலும், பார்ப்பதோடு நிற்பவரிடமிருந்து ரகசியத்தைக் காக்கும் என்பது முடிவு. எனக்கு வேண்டியது அதுதான்.

இன்னொரு காரணம் எங்கள் ஊர் நெட். எல்லாவற்றையும் ஒரே பெரிய பெட்டிக் கோப்பாக வைத்தால், ஒரு ஸ்கேன் சேர்த்ததற்கு நான் வைத்திருக்கும் கிளவுட் முழுப் பெட்டியையும் மறுபடி ஏற்றும், மழைநாளில் அது விடிய விடிய ஓடும். இதில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகப் பூட்டப்படுவதால் புதிதாக வந்தது மட்டும் ஏறும். அதற்கான விலையும் உண்டு: எத்தனை கோப்பு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய எவ்வளவு பெரியது, எப்போது மாறியது என்பதெல்லாம் வெளியே தெரியும். பெயரும் உள்ளடக்கமும் தெரியாது.

வேலை ரொம்பச் சின்னது. பூட்டு, திறப்பு என்று இரண்டு காலி ஃபோல்டர். கோகிரிப்ட்எஃப்எஸ், இடைவெளி, ஹைபன், இனிட், இடைவெளி, பூட்டு. பாஸ்வேர்டை இரண்டு தடவை கேட்கும். அதற்கப்புறம் கோகிரிப்ட்எஃப்எஸ் பூட்டு திறப்பு என்று அடித்தால், திறப்புக்குள் போடுவதெல்லாம் பூட்டுக்குள் குழம்பிய எழுத்துகளாகப் போய் உட்காரும். கிளவுடுக்குப் போக வேண்டியது பூட்டு மட்டும். வேலை முடிந்ததும் ஃப்யூஸர்மவுண்ட், ஹைபன், யூ, திறப்பு. அவ்வளவுதான்.

பாஸ்வேர்டுக்கு ஆறு பக்கம் கொண்ட பரமபதக் கட்டையை எடுத்தோம். அம்மா உருட்ட நான் எழுதினேன். ஐந்து தடவை உருட்டினால் ஐந்து இலக்கம், அதற்கு 7776 சொற்கள் கொண்ட டைஸ்வேர் பட்டியலில் ஒரு சொல். அப்படி ஆறு சொல். நாமே யோசித்து வைத்தால் ஊர்ப்பெயரும் பிறந்த வருடமும்தான் கைக்கு வரும், கட்டைக்கு நம் ஊர் தெரியாது.

ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். ஒரு நாள் ஸ்கேன் செய்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போய், பேட்டரியும் இறங்கி லேப்டாப் அணைந்தது. மறுபடி போட்டதும் பூட்டைத் திறக்காமலே வேலையைத் தொடர்ந்துவிட்டேன். திறப்பு என்பது அப்போது சும்மா ஒரு காலி ஃபோல்டர்தான், இருபது ஆதார் அட்டையும் அதில் பச்சையாகப் போய் விழுந்தது, ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. மறுநாள் திறக்கப் போனபோது ஃபோல்டர் காலியாக இல்லை என்று கோகிரிப்ட்எஃப்எஸ் மறுத்தது, அதனால்தான் கண்டுபிடித்தேன். அந்த மறுப்பை மீற ஒரு வழி இருக்கிறது, ஆனால் மீறாதீர்கள், உள்ளே என்ன கிடக்கிறது என்று பாருங்கள். இப்போது என் ஸ்கேன் ஸ்கிரிப்ட், திறப்புக்கு உள்ளே பூட்டோடு சேர்ந்து வருகிற ஓர் உள் ஃபோல்டரில்தான் எழுதுகிறது. பூட்டு திறக்காவிட்டால் அந்த ஃபோல்டரே இருக்காது, ஸ்கிரிப்ட் பிழை சொல்லி நின்றுவிடும்.

இன்னொன்று தம்ப்நெயில், படங்களுக்குக் கணினி தானே எடுத்து வைக்கும் சின்ன முன்னோட்டம். வீட்டு டைரக்டரியில் கேஷ் என்று ஒரு மறைவு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் தம்ப்நெயில்ஸ். எல்லாம் பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது தற்செயலாக அதைத் திறந்தால், தபால்தலை அளவில் பாட்டி. அவரைச் சுற்றி லயத்துச் சனம் முழுக்க, முகம் முகமாக. அதைக் காலி செய்து, ஃபைல் மேனேஜரில் முன்னோட்டத்தையும் நிறுத்தினேன். எஸ்எஸ்டி வகை டிஸ்க்கில் அழித்த கோப்பு உண்மையிலேயே போய்விட்டதா என்பது தனிப் பிரச்சினை, ஷ்ரெட் மாதிரியான கட்டளைகள் மேலெழுதினாலும் எஸ்எஸ்டி அதை வேறு இடத்தில் எழுதிக்கொள்ளும், பழையது அப்படியே இருக்கலாம். அதனால் லேப்டாப் முழுவதையும் டிஸ்க் என்கிரிப்ஷனோடு புதிதாக இன்ஸ்டால் செய்தேன். இனி டிஸ்க்கை யார் கழற்றினாலும் புதிதாக எழுதுவது எதையும் படிக்க முடியாது. அந்தப் பென்டிரைவைக் குழவியால் நசுக்கினேன்.

இப்போது சாவி. இனிட் முடிந்ததும் திரையில் மாஸ்டர் கீ வரும்: 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்து, எட்டெட்டாகப் பிரித்து 64. இதைத் தாளில் அச்சிட்டு இழுப்பறையில் வையுங்கள், இந்தச் செய்தி ஒரு தடவைதான் வரும் என்று அதுவே சொல்லும். பாஸ்வேர்ட் மறந்தாலும், பூட்டு ஃபோல்டருக்குள் இருக்கும் கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பு கெட்டாலும் மிஞ்சுவது அந்தத் தாள்தான். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் லயத்துச் சனம் தங்கள் தாத்தாவின் பாஸ்போர்ட்டை எங்கே போய்த் தேடும்? பூட்டியதில் பாதி வேலைதான் முடிந்திருந்தது.

ஒரு தாள் அம்மாவின் தகரப் பெட்டியில், கப்பலில் வந்த அதே பெட்டியில், பாட்டியின் அசல் பாஸ்போர்ட்டோடு இருக்கிறது. இன்னொரு தாளைக் கூடலூரில் இருக்கும் சித்தி மகளுக்குக் கொடுக்க முடிவு செய்து, பொங்கலுக்கு அவள் வந்திருந்தபோது நான் வாசிக்க அவள் கையால் எழுதினாள். பி, சி, டி, இ எல்லாம் காதுக்கு ஒரே மாதிரிதான் விழுகிறது, முதல் வரியிலேயே தப்பிவிட்டது. அப்புறம் பி-க்குப் பாட்டி, சி-க்குச் சித்தி, டி-க்கு டீ, இ-க்கு இலை என்று வைத்துக்கொண்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை சோதனை. அவள் தன் கணினியில் கிளவுடிலிருந்து பூட்டு ஃபோல்டரை இறக்கிக்கொண்டாள், பாஸ்வேர்டை வேண்டுமென்றே சொல்லவில்லை. போனில் கட்டளையை மட்டும் சொன்னேன்: கோகிரிப்ட்எஃப்எஸ், இடைவெளி, ஹைபன், மாஸ்டர்கீ, ஈக்வல் டு, எஸ்டிடின், அப்புறம் பூட்டு, திறப்பு. சாவியைக் கட்டளை வரியிலேயே எழுதினால் அது அடித்த கட்டளைகளின் ஹிஸ்டரியில் தங்கிவிடும், இப்படிக் கொடுத்தால் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

"அடிச்சிட்டேண்ணா. ஒரு எழுத்து தப்பாப் போச்சு, இரு."

கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும். அப்புறம் அதுவும் இல்லை.

"அண்ணா."

"சொல்லும்மா."

"பாட்டி மடியில இருக்கிறது எங்கம்மாவா?"