மூன்று பைட்டுக்கு நான்கு இரவு: கேம் மாட் எழுத விஎஸ் கோட் அமைத்த அனுபவம்

க்ரூசேடர் கிங்ஸ் 3 விளையாடுகிறவர்களுக்குத் தெரியும், ஆட்டத்தின் நடுவே திடீரென்று ஒரு பெட்டி திறந்து ஏதாவது ஒரு சம்பவத்தைச் சொல்லி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கும். அதேபோல ஒன்றை நானே எழுதிச் சேர்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அரசருக்குப் பழைய நண்பனிடமிருந்து ஒரு கடிதம் வரும், இரண்டு பதில்கள் இருக்கும், முதல் பதிலைத் தேர்ந்தெடுத்தால் 50 பொற்காசு கிடைக்கும். அவ்வளவுதான் நான் நினைத்த மாட், அதாவது கேமில் நாமே எழுதிச் சேர்க்கும் மாற்றம்.

முதலில் விண்டோஸோடு வரும் நோட்பேடில்தான் தொடங்கினேன், ஒரே மாலையில் விட்டுவிட்டேன். இந்த கேமின் ஸ்கிரிப்ட், அதாவது சம்பவங்களை எழுதும் நிரல், முழுவதும் வளைந்த அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள் இன்னொன்று என்றே போகும். எதைத் திறந்தோம், எதை மூட மறந்தோம் என்பது வெறும் கறுப்பு எழுத்தில் கண்ணில் படுவதில்லை. அதோடு நான் வேறு பின்னொட்டு கொடுத்துச் சேமித்த ஃபைலின் கடைசியில் டாட் டிஎக்ஸ்டி என்பதும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, எக்ஸ்ப்ளோரரில் பின்னொட்டைக் காட்டும் வசதி அணைந்திருந்ததால் அது எனக்குத் தெரியவே இல்லை. நீங்கள் எந்த எடிட்டரைப் பயன்படுத்தினாலும் சரி, எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவுக்குள் போய் ஃபைல் பின்னொட்டுகளைக் காட்டும்படி முதலில் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் விஎஸ் கோட் (விஷுவல் ஸ்டுடியோ கோட்) என்ற மைக்ரோசாஃப்டின் நிரல் எழுதும் எடிட்டரை இறக்கினேன். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விஷுவல் ஸ்டுடியோ என்பது வேறு, விஷுவல் ஸ்டுடியோ கோட் என்பது வேறு. ஊதா நிறச் சின்னம் உள்ளது பல ஜிபி இடம் பிடிக்கும் பெரிய மென்பொருள், சி ஷார்ப் என்ற நிரல் மொழியில் மாட் எழுதுகிறவர்களுக்கு அது பயன்படலாம். நமக்கு வேண்டியது நீல நிறச் சின்னம் உள்ள சிறியது. மைக்ரோசாஃப்டுக்குத் தகவல் அனுப்பும் பகுதி வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு அதே மூல நிரலிலிருந்து கட்டிய விஎஸ்கோடியம் இருக்கிறது, அதுவும் இலவசம். நிறுவும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

நிறுவியதும் ஃபைலைத் திறக்காதீர்கள், ஃபோல்டரைத் திறங்கள். கேமின் லாஞ்சரில் புதிய மாட் உருவாக்கினால் டாகுமென்ட்ஸுக்குள் பாரடாக்ஸ் இன்டராக்டிவ் (கேமை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர்), அதற்குள் க்ரூசேடர் கிங்ஸ் III, அதற்குள் மாட் என்ற இடத்தில் உங்களுக்கென்று ஒரு ஃபோல்டர் உண்டாகும். அதை முழுசாகத் திறக்க வேண்டும். திறந்ததும் இந்த ஃபைல்களை எழுதியவரை நம்புகிறீர்களா என்று எடிட்டர் கேட்கும். நான் என்னவென்று படிக்காமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னால் கட்டுப்படுத்தப்பட்ட நிலையில் திறக்கும், பல எக்ஸ்டென்ஷன்கள் (எடிட்டரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு கருவிகள்) வேலை செய்யாது. நிறம் காட்டுவதற்காகப் போட்ட எக்ஸ்டென்ஷனை அழித்து, மறுபடி போட்டு, மறுபடி அழித்து ஒரு மணி நேரம் போனது இதனால்தான். உங்கள் சொந்த ஃபோல்டருக்கு நம்புகிறேன் என்றே சொல்லலாம்.

அதே வொர்க்ஸ்பேஸில் (எடிட்டரில் ஒன்றாகத் திறந்து வைக்கும் ஃபோல்டர்களின் தொகுப்பு) இரண்டாவதாக கேமின் மூல ஃபோல்டரையும் சேர்த்துக்கொண்டேன், இதுவரை செய்ததில் மிக நல்ல காரியம் இதுதான் என்று சொல்வேன். ஒரு பெயரைக் கொடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், கேமை உருவாக்கியவர்களே அதை எந்தெந்த ஃபைலில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று அத்தனை இடத்தையும் காட்டிவிடும். பொற்காசு கொடுக்கும் வரியை நான் கற்றுக்கொண்டதே அப்படித்தான். எந்தக் கையேட்டைவிடவும் இது மேல். ஆனால் மூல ஃபைலில் தவறிப்போய் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டால் கேமே கெடும். அதற்கு செட்டிங்ஸில் ரீட்ஒன்லி இன்க்ளூட் என்று தேடி அந்த ஃபோல்டரை அங்கே கொடுத்துவிட்டால், படிக்கலாம், மாற்ற முடியாது.

இனி அந்த நான்கு இரவு.

எழுதி முடித்து, ஸ்டீமில் கேமின் லாஞ்ச் ஆப்ஷன்ஸில் டீபக் மோட் என்ற சோதனை நிலையைச் சேர்த்து (அது இல்லாமல் கன்சோல் திறக்காது), கேமைத் திறந்து, கட்டளைகளைத் தட்டும் அந்த கன்சோலில் என் சம்பவத்தின் பெயரைக் கொடுத்தேன். பெட்டி திறந்தது. படம் இருந்தது, இரண்டு பொத்தான்கள் இருந்தன, முதல் பொத்தானை அழுத்தினால் கஜானாவில் சரியாக 50 ஏறியது. ஆனால் கடிதத்தைக் காணோம். தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் நான் ஸ்கிரிப்டில் கொடுத்த குறியீட்டுப் பெயர், நடுவில் புள்ளி, நான்கு இலக்க எண், இன்னொரு புள்ளி, கடைசியில் டி, அப்படியே நின்றது. பொத்தான்களிலும் அதே கதை. திரையில் வரும் சொற்கள் ஸ்கிரிப்டில் இருக்காது, மொழி ஃபைல் என்ற தனி ஃபைலில் இருக்கும், குறியீட்டுப் பெயரை வைத்து கேம் அவற்றை அங்கிருந்து எடுக்கும். எழுத்துப் பிழையோ என்று ஒவ்வொரு குறியீட்டையும் விரல் வைத்துப் பார்த்தேன். மொழி ஃபைலின் பெயர் அண்டர்ஸ்கோர், எல், அண்டர்ஸ்கோர், இங்கிலீஷ் என்று முடிகிறதா? முடிகிறது. முதல் வரியில் எல் அண்டர்ஸ்கோர் இங்கிலீஷ் போட்டு முக்காற்புள்ளி இருக்கிறதா? இருக்கிறது. அது இருக்கும் லோகலைசேஷன் ஃபோல்டர் பெயரில் எஸ் போடுவதா இசட் போடுவதா என்பதுகூடப் பார்த்தாயிற்று (இந்த கேமில் இசட், பாரடாக்ஸின் பழைய கேம்களில் எஸ்). மூன்று இரவு இப்படியே போயிற்று.

நான்காவது இரவுதான், கேம் தான் கண்ட பிழைகளை எழுதி வைக்கும் எரர் லாக் என்ற ஃபைலைத் திறந்தேன். மாட் ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே லாக்ஸ் என்ற ஃபோல்டரில் அது இத்தனை நாளும் இருந்திருக்கிறது. அதில் என் ஃபைலின் பெயரும், அதில் பிஓஎம் இல்லை என்ற ஒரு வரியும் இருந்தன.

பிஓஎம் என்பது ஃபைலின் தொடக்கத்தில் உட்காரும் மூன்று பைட். திரையில் தெரியாது, கர்சரை வைத்தாலும் அகப்படாது. யூடிஎஃப்-8 என்பது எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் ஒரு முறை, அதாவது ஒரு என்கோடிங். இந்த கேமுக்கு மொழி ஃபைல்கள் பிஓஎம் உள்ள யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும், விஎஸ் கோடோ தானாக பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்கும், பெரும்பாலான வேலைகளுக்கு அதுதான் சரியும்கூட. சம்பவத்தை எழுதிய ஸ்கிரிப்ட் ஃபைலிலும் அது இல்லைதான், ஆனால் அங்கே லாக்கில் ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு கேம் அதைப் படித்துக்கொள்கிறது. அதனால்தான் காசு வந்தது, கடிதம் வரவில்லை.

சரிசெய்ய அரை நிமிடம் போதும். எடிட்டரின் கீழே வலது பக்கம் யூடிஎஃப்-8 என்று எழுதியிருக்கும், அதைத் தட்டி, வேறு என்கோடிங்கில் சேமி என்பதைத் தேர்ந்து, பிஓஎம் உள்ளதைக் கொடுத்தால் முடிந்தது. இனி உருவாக்கும் ஃபைல்கள் தானாக அப்படி வர செட்டிங்ஸில் ஃபைல்ஸ் என்கோடிங் என்பதை மாற்றலாம், ஆனால் யூசர் பக்கத்தில் மாற்றாதீர்கள், வொர்க்ஸ்பேஸ் பக்கத்தில் மாற்றுங்கள். கேமுக்கு கேம் இது வேறுபடும். பாரடாக்ஸின் இன்னொரு கேமான ஸ்டெல்லாரிஸில் மொழி ஃபைலுக்கு பிஓஎம் வேண்டும், ஸ்கிரிப்டுக்கு வேண்டாம். அவர்களின் யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 ஸ்கிரிப்டுகள் யூடிஎஃப்-8 கூட இல்லை, விண்டோஸ்-1252 என்ற பழைய என்கோடிங். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றை வைத்துவிட்டால் அடுத்த மாட் எழுதும்போது இதே வேதனை வேறு உருவத்தில் வரும். ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஃபைல்களை நான் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றிச் சேமித்தேன்.

எக்ஸ்டென்ஷன் விஷயத்தில் என் கருத்து, சிடபிள்யூ டூல்ஸ் ஒன்று போதும். பாரடாக்ஸ் ஸ்கிரிப்டுக்கென்றே எழுதப்பட்டது, மூல ஃபோல்டர் எங்கே என்று கேட்டு அதைப் படித்துக்கொண்டு, நீங்கள் எழுதும்போதே தப்பான சொல்லுக்குக் கீழே கோடு போடும். முடித்த பிறகு சிகே3-டைகர் என்ற இலவசச் சோதனைக் கருவியையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், விடுபட்ட மொழிக் குறியீடுகளைக்கூட அது பிடித்துக் கொடுக்கும்.

கடைசியாக அதே டீபக் மோடில் கேமைத் திறந்தேன். இடது பக்கம் கேம், வலது பக்கம் எடிட்டர். ஸ்கிரிப்டில் 50 என்பதை 150 ஆக்கிச் சேமித்து, கேமை மூடாமலே கன்சோலில் சம்பவத்தை மறுபடி அழைத்தேன். பெட்டி திறந்தது, மேலே நான் வைத்த தலைப்பு, கீழே நண்பனின் கடிதம், வரிக்கு வரி நான் எழுதியபடியே. முதல் பொத்தான் மேல் மவுஸை வைத்தால் 150 என்று காட்டியது. பொத்தானை அழுத்தாமல் கடிதத்தை முழுதாக இரண்டு முறை படித்தேன்.