கம்யூனிட்டி போர்டுக்குக் கிடைக்கிற அறுபது நாள்

நியூயார்க் நகரின் குயின்ஸில் வீடு தேடும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். குறைந்த வாடகை வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கும் ஹவுசிங் கனெக்ட் லாட்டரியில் எப்படிப் பெயர் கொடுப்பது, விண்ணப்பம் போட்டு இத்தனை நாளாயிற்றே, எப்போது கூப்பிடுவார்கள். அந்த லாட்டரிக்கு வரும் வீடுகள் எங்கிருந்து வருகின்றன, எந்த வருமானக்காரருக்கு எத்தனை என்று எங்கே பேசி முடிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பேச்சு முதலில் நடக்கும் இடம் கம்யூனிட்டி போர்டு, அதாவது வட்டாரத்துக்காரர்கள் உட்காரும் ஆலோசனைக் குழு. எங்கள் வட்டார போர்டின் நிலப் பயன்பாட்டுக் குழுவில் நானும் உட்காருகிறேன் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நியூயார்க் நகரில் இப்படி 59 போர்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 50 பேர் வரை உறுப்பினர்கள், யாருக்கும் சம்பளம் கிடையாது. நியமிப்பவர் பரோ பிரசிடெண்ட், அதாவது குயின்ஸ் போன்ற நகரின் பெரும் பிரிவு (பரோ) ஒன்றின் தலைவர். அதில் பாதிப் பேரை அந்தப் பகுதியின் சிட்டி கவுன்சில் (நகர மன்ற) உறுப்பினர்கள் பரிந்துரைக்கிறார்கள். பதவிக்காலம் இரண்டு ஆண்டு. 2018இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு தொடர்ந்து நான்கு முறைக்கு மேல் இருக்க முடியாது. பதினாறு வயதுப் பிள்ளைகள்கூடச் சேரலாம். அந்த வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும், அல்லது அங்கே வேலையோ தொழிலோ இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் முழு உறுப்பினர் இல்லை. குழுக்களில் மட்டும் பொதுமக்களிலிருந்து சிலரைச் சேர்த்துக்கொள்வார்கள், அந்த வழியில் வந்தவள்.

ஒரு நிலத்தில் ஸோனிங், அதாவது எங்கே என்ன, எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்ற நகர விதி, அனுமதிப்பதைவிடப் பெரிய கட்டடம் எழுப்ப வேண்டுமென்றால் யூலர்ப் என்ற பரிசீலனை நடக்க வேண்டும். 1975இல் நகர சாசனத்தைத் திருத்தியபோது வந்த ஏற்பாடு இது. விண்ணப்பம் முழுமையாக இருக்கிறது என்று சிட்டி பிளானிங் துறை சான்று கொடுத்த நாளிலிருந்து கணக்கு தொடங்கும். முதல் 60 நாள் கம்யூனிட்டி போர்டுக்கு. அதற்குள் பொது விசாரணை வைத்து, வாக்கெடுத்து, பரிந்துரையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் பரோ பிரசிடெண்டுக்கு 30 நாள், சிட்டி பிளானிங் கமிஷனுக்கு 60 நாள், சிட்டி கவுன்சிலுக்கு 50 நாள்.

போர்டு சொல்வது வெறும் ஆலோசனை, யாரையும் கட்டுப்படுத்தாது. "அப்படியென்றால் எதற்கு இந்த மெனக்கெடல், வேலை முடிந்து வந்த களைப்பில் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து என்ன பிரயோஜனம்?" என்று என் அண்ணனே கேட்டிருக்கிறான். என் பதில் இதுதான்: போர்டு எழுதும் நிபந்தனைகளைப் பார். வேண்டும், வேண்டாம் என்பதோடு நிறுத்திவிட்டால் அந்தக் காகிதத்துக்குப் பெரிய மதிப்பில்லை. "சரி, ஆனால் இன்னின்ன மாற்றங்களோடு" என்று தெளிவாக எழுதினால், அடுத்த மேஜையில் இருப்பவர்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுமானக்காரரிடம் பேசுகிறார்கள்.

ஓர் உதாரணம். 2016இலிருந்து, ஸோனிங்கை உயர்த்திக் கட்டுகிறவர்கள் ஒரு பங்கு வீடுகளைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கியே ஆக வேண்டும், அதுவும் நிரந்தரமாக. எவ்வளவு குறைவு என்பதை ஏ.எம்.ஐ. என்ற வட்டார நடுத்தர வருமானத்தை வைத்து அளக்கிறார்கள். 2025 கணக்குப்படி மூன்று பேர் குடும்பத்துக்கு அது 1,45,800 டாலர். கட்டுமானக்காரர் முன்னால் இருக்கும் வழிகளில் இரண்டைச் சொல்கிறேன். முதலாவதில் 25 சதவீத இடம், சராசரியாக ஏ.எம்.ஐ.யில் 60 சதவீதம் சம்பாதிப்பவர்களுக்கு. அதற்குள்ளேயே 10 சதவீத இடம் ஏ.எம்.ஐ.யில் 40 சதவீதம் சம்பாதிப்பவர்களுக்கு. இரண்டாவதில் 30 சதவீத இடம், சராசரி 80 சதவீதம். கேட்டவுடன் 30தானே பெரிது என்று தோன்றும், விண்ணப்பதாரரும் அதைத்தான் முன்னால் நிறுத்துவார். மூன்று பேர் குடும்பத்துக்கு 40 சதவீதம் என்றால் 58,320 டாலர், 80 சதவீதம் என்றால் 1,16,640. எங்கள் கட்டடத்தில் வீட்டுப் பராமரிப்புப் பணியாளராக இருக்கும் ஓர் அம்மா, இரண்டு பிள்ளைகளோடு நாற்பதாயிரத்துச் சொச்சத்தில் குடும்பம் நடத்துகிறார். முதல் வழியில் அவருக்கு நிச்சயமாகக் கொஞ்சம் இடம் உண்டு. இரண்டாவதில் அவர் பெயருக்கு ஒரு கதவு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எந்த வழி பொருந்தும் என்று கடைசியில் தீர்மானிப்பது கவுன்சில். ஆனால் "முதல் வழிதான் வேண்டும்" என்று காரணத்தோடு முதலில் எழுத வேண்டியது போர்டு.

அந்த அம்மாவே ஒருமுறை விசாரணைக்கு வந்தார். ஆளுக்கு இரண்டு நிமிடம். வேலைச் சீருடையோடு, தோளில் பையோடு, மைக்கைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் நின்றார். அதுவரை திரையில் கட்டடத்தின் முகப்பு, செங்கல் நிறம், மரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. "இதில் பாதிக்கு மேல் ஸ்டூடியோ என்று போட்டிருக்கிறது. என் பையனும் பொண்ணும் எங்கே படுப்பார்கள்?" என்று கேட்டார். ஸ்டூடியோ என்றால் தனிப் படுக்கையறை இல்லாத ஒற்றை அறை வீடு. விண்ணப்பதாரரின் வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். சந்தை வாடகை வீடுகளில் என்ன கலவையோ அதே கலவைதான் குறைந்த வாடகை வீடுகளிலும், விதி அதை அனுமதிக்கிறது என்றார். விதி அனுமதிக்கிறது, உண்மை. அன்று எங்கள் குழு எழுதிய நிபந்தனைகளில் முதலாவது, இரண்டு படுக்கையறை வீடுகளைக் கூட்ட வேண்டும் என்பது. அடுத்து பரோ பிரசிடெண்ட் நடத்தும் விசாரணைக்குத் திட்டம் போனபோது வரைபடத்தில் ஸ்டூடியோ குறைந்திருந்தது. நாங்கள் கேட்ட அளவுக்கு இல்லை, ஆனால் பார்த்தால் தெரியும் அளவுக்கு மாறியிருந்தது. அந்த இரண்டு நிமிடம் எத்தனை பிள்ளைகளுக்குத் தூங்க ஓர் அறை கொடுத்தது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

போர்டின் வேலை தனித்தனிக் கட்டடங்களோடு முடிவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் வட்டாரத்தின் தேவைகளை எழுதி, பட்ஜெட்டில் என்னென்ன வேண்டும் என்று வரிசைப்படுத்தி நகரத்துக்கு அனுப்ப வேண்டும். படிக்க அலுப்பூட்டும் ஆவணம்தான், ஆனால் குயின்ஸில் உள்ள ஜமைக்கா பகுதி விஷயத்தில் அதன் அருமை தெரிந்தது. ஜமைக்கா மையத்தைச் சுற்றி ஏறக்குறைய 230 பிளாக்குகளுக்கு ஒரு புதிய திட்டம் போட்டார்கள். சுமார் 12,000 வீடுகள், அதில் கிட்டத்தட்ட 4,000 நிரந்தரக் குறைந்த வாடகையில். லாங் ஐலண்ட் ரயில், சப்வே, விமான நிலையத்துக்கான ஏர்டிரெயின் எல்லாம் கூடும் இடம், அங்கே கட்டாமல் வேறெங்கே கட்டுவது? ஆனால் தென்கிழக்கு குயின்ஸ்காரர்களிடம் மாடி என்று சொன்னால் அவர்கள் சாக்கடை என்று பதில் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஜமைக்கா வாட்டர் சப்ளை என்ற தனியார் நிறுவனம் இந்தப் பகுதிக்கு நிலத்தடிக் கிணறுகளிலிருந்து தண்ணீர் கொடுத்தது. 1996இல் நகரம் அதை வாங்கி, மலைப்பக்க நீர்த்தேக்கங்களின் தண்ணீருக்கு மாற்றியது. கிணறுகளில் இறைப்பது நின்றதும் நிலத்தடி நீர் மேலே ஏறியது. மழையே இல்லாத நாளிலும் பேஸ்மெண்டில் ஈரம் ஊறும் வீடுகள் இங்கே உண்டு. போதாக்குறைக்கு 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மிச்ச மழை. நகரில் பேஸ்மெண்ட் வீடுகளில் மட்டும் 11 பேர் மூழ்கி இறந்தார்கள், பெரும்பாலும் குயின்ஸில். வாடகை கட்டுப்படியாகாததால்தானே அவர்கள் நிலத்துக்கடியில் குடியிருந்தார்கள்? வீட்டுப் பிரச்சினையையும் வடிகால் பிரச்சினையையும் இங்கே பிரிக்கவே முடியாது.

போர்டுக் கூட்டங்களில் பல ஆண்டுகளாக இதைச் சொல்லிச் சொல்லி, தேவைப் பட்டியலில் திரும்பத் திரும்ப எழுதி வைத்தவர்கள், பெரும்பாலும் செயிண்ட் ஆல்பன்ஸ், ஹாலிஸ் பக்கத்து வயதான கறுப்பின வீட்டுக்காரர்கள். 2025 அக்டோபரில் கவுன்சில் ஜமைக்கா திட்டத்தை அங்கீகரித்தபோது கூடவே 40 கோடி டாலருக்கு மேல் முதலீட்டு உறுதிமொழிகள் வந்தன, சாக்கடைக் குழாய்ப் பணியும் அதில் சேர்த்தி. அந்தப் பெரியவர்களின் பிடிவாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன்.

எல்லாப் போர்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன். சொந்த வீட்டுக்காரர்கள் குரலே ஓங்கியிருக்கும், வாடகைக்காரர்கள் குறைவு. வார நாள் மாலையில் கூட்டம் வைத்தால் இரண்டாவது ஷிஃப்டுக்குப் போகிறவர் எப்படி வருவார்? 2024இல், கூடுதல் வீடுகள் கட்ட நகரம் முழுவதும் ஸோனிங்கைத் தளர்த்தும் சிட்டி ஆஃப் யெஸ் வீட்டுத் திட்டம் வந்தபோது குயின்ஸின் பெரும்பாலான போர்டுகள் எதிர்த்து வாக்களித்தன. கார் நிறுத்த இடம் போய்விடும் என்பது பெரிய கவலை. நகரில் காலியாக இருக்கும் வாடகை வீடு 1.41 சதவீதம் என்று 2023 கணக்கெடுப்பு சொன்ன சமயம் அது. கவுன்சில் அந்த டிசம்பரில் சில மாற்றங்களோடு 31க்கு 20 என்று நிறைவேற்றிவிட்டது. எதிர்த்த போர்டுகளில், எந்த மாற்றம் செய்தால் ஏற்போம் என்று எழுதியவற்றின் பரிந்துரை படித்துப் பார்க்கும்படி இருந்தது. வேண்டாம் என்று மட்டும் எழுதியவர்கள் தங்கள் அறுபது நாளை வீணாக்கினார்கள் என்பது என் திடமான கருத்து.

இனிமேல் இது இன்னும் முக்கியம். 2025 நவம்பரில் வாக்காளர்கள் சாசனத்தை மறுபடியும் திருத்தினார்கள். குறைந்த வாடகை வீடுகள் மிகக் குறைவாகக் கட்டப்படும் 12 வட்டாரங்களில் அத்தகைய திட்டங்களுக்கு விரைவுப் பாதை. சிறிய திட்டங்களுக்குச் சுருக்கமான பரிசீலனை. கவுன்சில் ஒரு குறைந்த வாடகைத் திட்டத்தை நிராகரித்தாலோ மாற்றினாலோ மேயர், பரோ பிரசிடெண்ட், கவுன்சில் சபாநாயகர் மூவரில் இருவர் சேர்ந்து அதைத் திருப்ப முடியும். முன்பு போர்டு "வேண்டாம்" என்றால் அந்தப் பகுதி கவுன்சில் உறுப்பினர் அதைப் பிடித்துக்கொண்டு திட்டத்தையே நிறுத்துவது உண்டு. அந்தப் பிடி இப்போது தளர்ந்துவிட்டது. ஆனால் விரைவுப் பாதையிலும் கம்யூனிட்டி போர்டின் கட்டம் இருக்கத்தான் இருக்கிறது. எத்தனை படுக்கையறை, எந்த வருமானம், தண்ணீர் எங்கே வடியும் என்பதை அங்கேதான் கேட்டாக வேண்டும்.

இன்னொன்று, "நம் ஏரியாக் கட்டடத்தில் பாதி நமக்கு" என்று பலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். லாட்டரியில் உள்ளூர்வாசிகளுக்கான முன்னுரிமை முன்பு 50 சதவீதம். 2024 ஜனவரியில் ஒரு வழக்கில் ஏற்பட்ட சமரசத்தால் அது 20 ஆனது, 2029இலிருந்து 15. அதை மட்டும் நம்பி ஒரே ஏரியாவுக்கு விண்ணப்பிக்காமல் எல்லா பரோவுக்கும் போடுங்கள்.

போர்டில் சேர விரும்பினால் பரோ பிரசிடெண்ட் அலுவலகம் குளிர்காலத்தில் விண்ணப்பம் வாங்கும். குழுவில் மட்டும் உட்கார நினைப்பவர்கள் தங்கள் வட்டார போர்டு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். விசாரணையில் பேச இது எதுவும் தேவையில்லை, குடியுரிமையும் கேட்க மாட்டார்கள், பெயரைப் பதிந்தால் போதும். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருக்கும் அம்மா, அப்பா யாராவது ஜமைக்கா, பிரையர்வுட் பக்கம் இருந்தால் என்னோடு அழைத்துப் போகிறேன். அவர்கள் தமிழில் பேசட்டும், பக்கத்தில் நின்று நான் ஆங்கிலத்தில் சொல்கிறேன்.