சிட்ஜஸில் ஓர் அறை

பார்சிலோனாவிலிருந்து ரயிலில் சுமார் 40 நிமிடத் தொலைவிலுள்ள சிட்ஜஸ் என்னும் கடற்கரை ஊரின் விடுதி வரவேற்பறையில் நானும் என் இணையரும் நின்றபோது, ஒரே கட்டில் உள்ள அறையைத்தான் பதிவு செய்திருக்கிறோம் என்று விளக்க வேண்டிய தேவையே எழவில்லை. வேறோர் ஊரில் இரு தனிக் கட்டில்களை எங்கள்மீது திணித்த காயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஸ்பெயின் 2005-இலேயே தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கிய நாடு. ஆனால் என்னை நெகிழவைத்தது, ஊரின் நடுவிலுள்ள பாஸா ரொடோனா கடற்கரையில் ஆண் இணையர்கள் தோள் சாய்ந்து அமர்ந்திருந்த இயல்புதான். மாலையில், கடலை ஒட்டி நிற்கும் தேவாலயத்தின் படிகளில் அவருடைய கையைப் பற்றியபடி இறங்கினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. செல்ல விரும்பும் நண்பர்கள், தன்பாலின ஈர்ப்பாளர்கள் உள்ளிட்டோர் கொண்டாடும் ஜூன் மாதப் பெருமித விழாவுக்கு (Pride) வெகு முன்பே அறையைப் பதிவு செய்துவிடுங்கள்.