தோடியும் நானும்

செப்டம்பர் 12, வியாழன்

"காந்தாரம் நிக்குது." வீணை டீச்சர் சொன்னது அவ்வளவுதான். 'க' சுரம் அசையாமல் நிற்கிறதாம். தோடி ராக வர்ணம் 'ஏரா நாபை', அதன் பல்லவியையே தாண்டவில்லை, கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னதை மட்டும் நோட்டில் எழுதினேன், அவர் சொன்ன வார்த்தைகளிலேயே. என் பதில்களை எழுதவில்லை. இனி இப்படித்தான்.

செப்டம்பர் 13, வெள்ளி

அம்மாவுக்கு ஸ்கேன் தள்ளிப்போயிற்று. வீணையைத் தொடவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலையிலிருந்து அந்த ஒரு சுரம்தான். பைரவியிலும் கரகரப்ரியாவிலும் வருவது இதே சாதாரண காந்தாரம், வீணையில் விரல் வைக்கும் உலோகக் கட்டை, அந்த மெட்டும் இதேதான். ஆனால் தோடியில் அதை அப்படியே மீட்டி விட்டுவிட்டால் ராகமே இல்லை. கம்பியை இழுத்து மேல் சுரமான மத்யமத்தை எட்ட வேண்டும், இறங்கும்போது கீழ் சுரமான ரிஷபத்தின் சாயல் தெரிய வேண்டும், அசைவு தாளத்தோடு போக வேண்டும். பாட்டில் தொண்டை தானாகச் செய்வதை இங்கே இடக்கை இரண்டு விரலும் சேர்ந்து இழுத்துச் செய்ய வேண்டும். நான் பாதியில் திரும்பிவிடுகிறேன். மெட்டைப் பிடித்திருக்கும் மெழுகு இளகி அது நகர்ந்திருக்குமோ என்று தம்பூரா வைத்துப் பார்த்தேன். மெட்டு சரியாக இருக்கிறது.

மதியம் நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி கேட்டேன். அவர் 1956இல் காலமானவர், பழைய ஒலிப்பதிவு, இரைச்சலும் இருக்கிறது. ஆனாலும் அந்தக் காந்தாரம்! சுரம் நிற்பதில்லை, ஆனால் இடம் மாறுவதும் இல்லை. டீச்சர் சொன்னது காதில் விழுந்தது வியாழக்கிழமை. புரிந்தது இன்றைக்குத்தான்.

செப்டம்பர் 18, புதன்

அத்தை வந்திருந்தார். "அருமையா வாசிக்கிறேடி" என்றார். சந்தோஷம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு நாளை எதைச் சாதகம் செய்வது?

அவர் போன பிறகு அம்மா படுத்தபடியே கேட்டாள்: "ஏன் அந்த எடத்துல ஓடி வந்துடுற?" அம்மாவுக்குச் சுரப் பெயர் ஒன்றும் தெரியாது. இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டாள். நோட்டில் டீச்சர் சொன்னதற்குக் கீழே அதையும் எழுதினேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றாலே அந்தக் கால வீணைக் கலைஞர் தனம்மாள் ஞாபகம். சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிதோறும் வாசிப்பாராம். கேட்க வருகிறவர்களில் பெரிய வித்வான்களும் உண்டு. ஒரு கமகம், ஒரு சுர அசைவு பிசகினாலும் தெரிந்துவிடும் காதுகள். எனக்கு ஒரே ஒரு டீச்சர் முன்னால் உள்ளங்கை வியர்க்கிறது.

செப்டம்பர் 21, சனி

விரல் நுனி எரிச்சல். மெதுவான விளம்ப காலத்தில் மட்டும் வாசித்தேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

"காந்தாரம் பரவாயில்லை. தைவதம்?" என்றார் டீச்சர். இப்போது 'த' சுரம். முகம் சூடானது. வழக்கமாக இந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருப்பேன். இன்று, "எந்த இடத்துல டீச்சர்? ஏறும்போதா, இறங்கும்போதா?" என்று கேட்டேன். அவர் தன் வீணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அதற்கு மேல் சுரமான நிஷாதத்திலிருந்து இறங்கும் ஒரே பிடியை, ஒரு சிறு சுரக் கோவையைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினார். கேள்வி கேட்காமல் வந்திருந்தால் இது கிடைத்திருக்காது. இத்தனை நாள் எவ்வளவை இப்படி விட்டிருப்பேன் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

செப்டம்பர் 26, வியாழன்

ஸ்கேன் திங்களன்று. அக்டோபர் 3இல் நவராத்திரி ஆரம்பம். கோயிலில் நான் வர்ணம் வாசிக்கலாமா, இன்னும் ஒரு வருஷம் போகட்டுமா என்று டீச்சர் ஞாயிற்றுக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். தைவதம் இறங்கும்போது இன்னும் தட்டையாகத்தான் கேட்கிறது.